பதிப்பின் பெயர் தில்லி

கட்டற்ற மென்பொருளின் கதை – 18

2016 மார்ச் 23 அன்று வெளியான க்னோம் 3.20 என்ற மென்பொருளுக்கு ‘தில்லி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 837 பேர், ஆறு மாத உழைப்பு, 28,933 மாற்றங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பு கணக்குக் கொடுத்தது. அடுத்த மாதம் க்னோம் அமைப்பின் ஆசிய மாநாடு தலைநகரை ஒட்டி நடக்கவிருந்தது. அதை ஏற்பாடு செய்தவர்களுக்கு மரியாதையாக இந்தப் பெயர். முந்தைய பதிப்புக்கு ஸ்வீடனின் கோதன்பர்க், அடுத்த பதிப்புக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ. நடுவில் நம் தில்லி.

அன்று நேரு பிளேஸில் கணினிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அதற்கு இருபது வருட முன்கதை உண்டு.

சென்ற அத்தியாயத்தில் லினக்ஸ் கர்னல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தோம். கர்னலை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கணினியைப் போட்டதும் தெரிவது கீழே ஒரு பட்டை, ஓரத்தில் ஒரு பட்டியல், நடுவே சாளரங்கள். இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் டெஸ்க்டாப் என்று பெயர். தமிழில் பணிமேடை என்கிறோம். விண்டோஸ் வாங்கினால் அதன் பணிமேடையும் சேர்ந்தே வரும், வேறு பேச்சில்லை. லினக்ஸில் அப்படியில்லை. ஒரே மாதிரி கட்டிய வீடுகளில் குடிவருகிறவர்கள் அடுப்படியையும் பூஜை அலமாரியையும் அவரவர் வசதிக்கு அமைத்துக்கொள்வதுபோல, அதே கர்னலின் மேல் எந்தப் பணிமேடையையும் போட்டுக்கொள்ளலாம். எதைப் போடுவது என்ற கேள்வி தில்லி வீடுகளுக்குள் எப்படி வந்தது, யார் அதற்குப் பதில் சொன்னார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

இதழோடு வந்த தட்டு

விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணைப்பு. 28.8 கிலோபிட் வேக மோடத்தில் ஒரு குறுந்தகடு அளவுள்ள மென்பொருளை இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால், ஐம்பது மணி நேரம் ஆகும். இடையில் வீட்டில் யாராவது போனை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் லினக்ஸ் கம்பி வழியாக வரவில்லை, புத்தகக் கடை வழியாக வந்தது. தில்லியை மையமாகக் கொண்ட சைபர்மீடியா குழுமத்தின் பிசிக்வெஸ்ட் இதழ் 1996இல் ஸ்லாக்வேர் லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு இணைத்துக் கொடுத்தது. அதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். பின்னாளில் ரெட் ஹாட்டை அடிப்படையாகக் கொண்ட பதிப்புகளும் அந்த இதழோடு வந்தன.

அந்த முதல் தட்டை நிறுவியவருக்குக் கிடைத்தது ஒரு கறுப்புத் திரை. அதில் ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டச்சு செய்தால் எஃப்விடபிள்யூஎம் என்ற சாளர மேலாளர் எழுந்து வரும். அது சாளரங்களுக்குச் சட்டம் போடும், நகர்த்தும், மூடும். அதற்குமேல் எதுவும் செய்யாது. கோப்புகளைப் பார்க்க ஒரு நிரல், கடிதம் எழுத இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தோற்றம், பொத்தான்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில். பொறியியல் மாணவர்களுக்கு அது விளையாட்டு. அதே கணினியில் கணக்கு எழுத உட்காரும் அப்பாவுக்கு அது தலைவலி.

இரண்டு தேதிகள்

இந்தத் தலைவலி தில்லிக்கு மட்டுமானதல்ல. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச், 1996 அக்டோபர் 14 அன்று தன்னோடு சேர்ந்து வேலை செய்ய ஆட்களைக் கேட்டு ஓர் அழைப்பு விடுத்தார். கணினி நிர்வாகிக்கு வேண்டியதைச் செய்ய அவர் கிளம்பவில்லை. இணையம் பார்க்க, நாலு கடிதம் எழுத, கொஞ்ச நேரம் விளையாட விரும்பும் சாதாரண மனிதருக்கு, எல்லா நிரல்களும் ஒரே முகத்தோடு இருக்கும் ஒரு மேடை வேண்டும் என்றார். அதுதான் கேடிஇ. முதல் பதிப்பு 1998 ஜூலை 12 அன்று வந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கேடிஇயை எழுதப் பயன்பட்ட க்யூடி என்ற நூலகம் நார்வேயின் ட்ரால்டெக் நிறுவனத்துடையது. இலவசமாகக் கிடைத்தாலும் அன்றைய உரிமத்தின்படி அது கட்டற்ற மென்பொருள் அல்ல. வீடு நம்முடையது, அஸ்திவாரம் அடுத்தவருடையது என்ற நிலை. இதைப் பொறுக்காத மெக்சிகோக்காரர்கள் மிகேல் தெ இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் 1997 ஆகஸ்ட் 15 அன்று, முழுக்கக் கட்டற்ற வேறொரு மேடையை அறிவித்தார்கள். அதுதான் க்னோம். அதே நாளில் செங்கோட்டையில் சுதந்திரப் பொன்விழாக் கொடி ஏறிக்கொண்டிருந்தது தற்செயல். 1999 மார்ச்சில் க்னோம் 1.0 வெளிவந்தது.

உரிமச் சண்டை சில வருடம் நடந்தது. டெபியன் என்ற லினக்ஸ் குழு கேடிஇயைத் தன் தொகுப்பிலிருந்து தள்ளி வைத்தது. ரெட் ஹாட் 1999இல் இரண்டையும் கொடுத்து, க்னோமை முதலிடத்தில் வைத்தது. 2000 செப்டம்பரில் ட்ரால்டெக் க்யூடியை ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கொண்டுவந்ததும் சண்டையின் காரணம் போய்விட்டது. இரண்டு மேடைகளும் மட்டும் தங்கிவிட்டன. அன்றிலிருந்து லினக்ஸ் நிறுவும் ஒவ்வொருவரும் ‘கேடிஇயா, க்னோமா?’ என்று ஒருமுறையாவது கேட்டாக வேண்டியதாயிற்று.

நடைபாதையில் விண்டோஸ்

உலகின் பல ஊர்களில் லினக்ஸ்காரர்கள் முதலில் சொன்ன வாதம் ‘காசு மிச்சம்’ என்பது. தில்லியில் அந்த வாதம் எடுபடவில்லை. காரணம் நேரு பிளேஸ். தெற்கு தில்லியின் அந்தச் சந்தையில் மதர்போர்டை ஒரு கடையிலும் மானிட்டரை இன்னொரு கடையிலும் வாங்கி அசெம்பிள் செய்துகொண்டு போகலாம். போகிற வழியில் நடைபாதையில் விண்டோஸ் குறுந்தகடும் அன்று சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் பெயர்போன கள்ளச் சந்தைகளின் பட்டியலில் இடம்பிடித்த இடம் அது. திருட்டு விண்டோஸும் கட்டற்ற லினக்ஸும் ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்ற ஊரில், விலையைச் சொல்லி யாரையும் மாற்ற முடியாது. பணிமேடை தன் சொந்தக் காலில் நின்று ஜெயிக்க வேண்டியிருந்தது.

அந்தப் போட்டியில் முதல் சுற்று கேடிஇக்குச் சாதகமாக இருந்ததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் என்று விண்டோஸ் 95 பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. இரண்டாவது, அதோடு வந்த கேபிபிபி என்ற சின்ன நிரல். எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் மோடம் கிறீச்சிட்டு இணைப்பு கிடைக்கும். கேபிபிபி இல்லாமல் அந்த வேலையைச் செய்ய நாலைந்து கோப்புகளைத் திறந்து கையால் எழுத வேண்டும். தத்துவம் பேசிப் பணிமேடையைத் தேர்ந்தவர்களைவிட, மோடம் பேசியதால் தேர்ந்தவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு.

எதிர்ப்பக்கம் இருந்தது நினைவகம். 32 அல்லது 64 மெகாபைட் போட்ட வீட்டுக் கணினியில் இரண்டு பெரிய மேடைகளும் மூச்சு வாங்கின. அதே 1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான மேடைகள் அந்த இடைவெளியில் நுழைந்தன. இந்தியாவில் பழைய கணினியைத் தூக்கிப் போடுவதில்லை. அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு வரும், அவள் முடித்ததும் ஊருக்குப் போகும். இலகுவான மேடைகளுக்கு நம் வீடுகளில் என்றும் இடம் இருந்தது அதனால்தான்.

கொம்பு எந்தப் பக்கம்?

தோற்றமும் வேகமும் சரி, மொழி? தில்லியில் இந்தக் கேள்வியை விடாமல் கேட்ட இடம் ராஜ்பூர் சாலை 29ஆம் எண் கட்டடம். வளரும் சமுதாயங்களின் ஆய்வு மையமான சிஎஸ்டிஎஸ்ஸின் ஓர் அங்கமாக 2000களின் தொடக்கத்தில் அங்கே உருவானது சராய். நகரத்தையும் ஊடகத்தையும் ஆராய்ந்த அந்தக் குழு கட்டற்ற மென்பொருளையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. லினக்ஸை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் இண்ட்லினக்ஸ் திட்டத்தோடு சேர்ந்து ஹிந்தி மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்து, பட்டியலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் பேசித் தீர்க்கும் பட்டறைகளை நடத்தியது. சராயும் அங்குர் அமைப்பும் சேர்ந்து எல்என்ஜேபி குடியிருப்பில் 2001இல் தொடங்கிய சைபர்மொஹல்லா கூடத்தில், குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருள் ஓடிய கணினிகளில் எழுதவும் வரையவும் செய்தார்கள். விண்டோஸ் பழகாத கை அது. மறக்க வேண்டியது எதுவும் இல்லாத இடத்தில் ‘எது சுலபம்’ என்ற கேள்விக்கே வேறு பொருள்.

மொழி என்று வந்ததும் இரண்டு மேடைகளும் இரண்டு பாதையில் போயின. ஹிந்தியில் குறில் இகரக் குறி, தமிழில் ஒற்றைக் கொம்பு: இரண்டையும் மெய்யெழுத்துக்குப் பிறகு உச்சரிக்கிறோம், ஆனால் அதற்கு முன்னால் எழுதுகிறோம். யூனிகோடு உச்சரிப்பு வரிசையில் சேமிக்கும். திரையில் காட்டும்போது இடம் மாற்றிக் காட்ட வேண்டும். க்னோம் இதற்கென பாங்கோ என்ற எழுத்து வரையும் நூலகத்தை வளர்த்துக்கொண்டது. க்யூடி பக்கம் தமிழுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. எழுதும் வரிசையிலேயே சேமிக்கும் திஸ்கி குறியேற்றத்துக்காக, க்யூடி நூலகத்துக்குள்ளேயே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதில் பெரும்பகுதியை எழுதியவர் ஹான்ஸ் பீட்டர் பீக்கர். வெவ்வேறு நாடுகளில் சிதறியிருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் கேடிஇயைத் தமிழில் கொண்டுவந்த தொடக்க நாட்களில் நம்பியது திஸ்கியைத்தான். பிறகு எல்லோரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு நடுவில் ஹிந்திக்காரர் க்னோமையும் தமிழர் கேடிஇயையும் திறந்து பார்த்ததில், அழகைவிடக் கொம்புக்குப் பங்கு இருந்தது.

தபால்காரர் கொண்டுவந்த க்னோம்

2003இல் தில்லி ஓக்லாவிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ குழுமம் ‘லினக்ஸ் ஃபார் யூ’ என்ற மாத இதழைத் தொடங்கியது. அதோடும் தட்டுகள் வந்தன. அடுத்த வருடம் அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு பிறந்தது. கேட்டவர் எந்த நாட்டில் இருந்தாலும் குறுந்தகட்டை அச்சிட்ட உறையில் வைத்துத் தபாலில் அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையது. 2011 ஏப்ரல்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. உறையைப் பிரித்துத் தட்டைப் போட்டால் வந்தது பழுப்பு நிறத்தில் க்னோம் 2. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மூன்று பட்டியல்கள். கேடிஇ வேண்டுமென்பவருக்குக் குபுண்டு 2005இலும், எக்ஸ்எஃப்சிஇ வேண்டுமென்பவருக்குச் சுபுண்டு 2006இலும் வந்தன. ஆனாலும் வீட்டுக்கு வந்த தட்டில் எது இருந்ததோ அதுவே பெரும்பாலோரின் தேர்வாகிவிட்டது. கேடிஇக்கும் க்னோமுக்கும் நடந்த பத்து வருட வாக்குவாதத்தைப் பல வீடுகளில் தபால்காரர் முடித்துவைத்தார்.

மத்திய அரசின் தட்டும் அதே பக்கம் சாய்ந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் முதல் பதிப்பு கண்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதில் இருந்ததும் க்னோம்தான்.

கேட்காமல் இடித்த சுவர்

நிம்மதி அதிக நாள் நிற்கவில்லை. 2008 ஜனவரி 11 அன்று கேடிஇ 4.0 வெளியானது. அடித்தளம் புதிது, மேடை அரைகுறை. பழக்கப்பட்ட பல வசதிகளைக் காணோம். நிரலாளர்கள் ‘இது தொடக்கம்தான்’ என்றார்கள். அது வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. லினக்ஸைப் படைத்த லினஸ் டார்வால்ட்ஸே, 2005இல் எல்லோரையும் கேடிஇ பக்கம் போகச் சொன்னவர், இந்த வெறுப்பில் க்னோமுக்குக் கட்சி மாறினார்.

அடுத்த முறை க்னோமின் கை. 2011 ஏப்ரல் தொடக்கத்தில் க்னோமின் ஆசிய மாநாடு பெங்களூரில் நடந்தது. அதை ஒட்டி நிரலாளர்கள் அங்கேயே உட்கார்ந்து கடைசி வேலைகளை முடிக்க, ஏப்ரல் 6 அன்று க்னோம் 3.0 வெளியானது. பழைய பட்டியல்கள் போயின. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான்கூடப் போயிற்று. புதிய மேடைக்கு முப்பரிமாண வரைகலை வேண்டும். மதர்போர்டோடு ஒட்டி வரும் மலிவு வரைகலைச் சில்லு வைத்திருந்தவர்களில் பலருக்கு, ‘உங்கள் கணினிக்கு இது ஒத்துவராது’ என்று மாற்று முறைக்குத் தள்ளும் அறிவிப்புத்தான் மிச்சம். உபுண்டுவோ க்னோமின் இந்தப் புதிய மேடையையும் விட்டுவிட்டுத் தன் சொந்த மேடையான யூனிட்டியை முன்னே வைத்தது. டார்வால்ட்ஸ் மறுபடி கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். பின்னொரு நாள் க்னோமுக்கே திரும்பினார்.

விண்டோஸ் 8 வந்து தொடக்கப் பட்டியலைக் காணாமல் போக்கியபோது அதன் பயனர்களும் இதே கோபத்தைப் பட்டார்கள். அவர்களால் செய்ய முடிந்தது அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பது. லினக்ஸ் பக்கம் நடந்தது வேறு. பெர்பெரோஸ் என்ற புனைபெயர் கொண்ட அர்ஜென்டினப் பயனர், பழைய க்னோம் 2இன் மூல நிரலை எடுத்துத் தனியே வளர்க்கத் தொடங்கினார். தன் நாட்டுத் தேநீர்ச் செடியின் பெயரால் அதற்கு மாத்தே என்று பெயரிட்டார். லினக்ஸ் மின்ட் குழு புதிய க்னோமின் மேல் பழைய ஒழுங்கைக் கொண்டுவந்து சின்னமன் ஆக்கியது. இடித்த சுவரை யாரும் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கவில்லை, தாங்களே கட்டிக்கொண்டார்கள். மூல நிரல் கையில் இருப்பதன் பொருள் ஒரு சாதாரண வீட்டுப் பயனருக்குப் புரிந்த தருணம் அதுவென்று சொல்லலாம். உபுண்டுவும் 2017இல் யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்கே வந்து சேர்ந்தது.

ஃபரீதாபாத், ரோகிணி

இந்தக் கோபமெல்லாம் ஆறிய நேரத்தில்தான் க்னோம் 3.20 வந்தது. அதன் பெயருக்குக் காரணமான ஆசிய மாநாடு 2016 ஏப்ரல் 21 முதல் 24 வரை ஃபரீதாபாத்தின் மானவ் ரச்னா பல்கலைக்கழகத்தில் நடந்தது. துல்லியமாகச் சொன்னால் அது ஹரியானா. பெயர் மட்டும் தில்லி. குருகிராமையும் நொய்டாவையும் தில்லி என்றே சொல்லிப் பழகிய நமக்கு இதில் குறையில்லை. கேடிஇக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2011இல் பெங்களூரில் தொடங்கிய அவர்களது இந்திய மாநாடு, காந்திநகர், ஜெய்ப்பூர், குவாஹாட்டி என்று சுற்றி, 2020 ஜனவரி 17 முதல் 19 வரை ரோகிணியின் மகாராஜா அக்ரசேன் தொழில்நுட்ப நிறுவனத்தில் கூடியது. தட்டை வாங்கிப் போட்டுப் பார்த்த ஊர், அந்த நான்கு வருடத்தில் இரண்டு மேடைகளின் ஆட்களையும் கூட்டி வைத்துப் பேசும் ஊராகியிருந்தது.

2023 ஆகஸ்டில் இன்னொரு செய்தி வந்தது. பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தோடு இணைந்த தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்ற இயங்குதளத்தை நிறுவுகிறது, சவுத் பிளாக்கில் வேலை தொடங்கிவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. கூடவே ஒரு விவரம்: பார்வைக்கும் பயன்பாட்டுக்கும் அது விண்டோஸ் போலவே இருக்குமாம். ராணுவத்தின் கவலையும் கணக்கு எழுத உட்கார்ந்த அந்த அப்பாவின் கவலையும் ஒன்றுதான். பழகிய கை தடுமாறக் கூடாது.

எட்ரிச் அழைப்பு விடுத்து 29 வருடம் நிறைந்த நாள் 2025 அக்டோபர் 14. அதே நாளில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் ஏராளமான வீடுகளில் இருக்கின்றன. அதனால் இந்தப் பழைய கேள்வி இப்போது புதிதாகப் பல வீடுகளில் எழுகிறது: எந்த மேடை?

வரலாற்றைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் இது. எது சிறந்தது என்று தேடாதீர்கள். வீட்டில் கணினிக்கு மிகவும் பயப்படுகிறவர் யார் என்று பாருங்கள். அவர் விண்டோஸ் பழகியவர் என்றால் சின்னமனோ கேடிஇயின் பிளாஸ்மாவோ போடுங்கள். இரண்டு, மூன்று கிகாபைட் நினைவகம்தான் என்றால் எக்ஸ்எஃப்சிஇயும் எல்எக்ஸ்க்யூடியும் இருக்கின்றன. எதையும் பழகாத பிள்ளைக்கு க்னோம் ஒன்றும் கடினமில்லை. நிறுவும் முன் யூஎஸ்பியில் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் மாற்றிவிடுங்கள், கோப்புகள் அப்படியே இருக்கும், மேடை மட்டும்தான் மாறும்.

அடுத்த வாரம் சென்னைக்குப் போவோம். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவன அலுவலகத்தில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் லினக்ஸைக் கொண்டுவந்த கதை காத்திருக்கிறது.

(தொடரும்)